அமாவாசையில் நிலாவுக்குப் போன படகு

எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் நான்தான் தந்தி ஆபீஸ். பெரியண்ணனுக்கும் சின்னண்ணனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே கிணற்றில் குளித்தார்கள், ஒரே கொடியில் துண்டு உலர்த்தினார்கள்.

“மழ வர்றாப்புல கீது, அவன் துணிய எட்த்து உள்ள போடச் சொல்லு” என்பார் பெரியவர். தம்பி நாலடி தள்ளி நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

“எனக்கும் கண்ணு கீதுன்னு சொல்லு” என்பார் சின்னவர், வாயில் நுரையோடு.

நான் நடுவில் நின்று, இருவரும் காதால் கேட்டதையே இருவருக்கும் திரும்பச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் துணி நனையும். தண்டையார்பேட்டையில் ஒரு ஆரம்பப் பள்ளியில் எனக்கு வாத்தியாரம்மா வேலை. பகலெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு ராயபுரம் வந்து சேர்ந்தால், இங்கே மீசை வைத்த பிள்ளைகள் இரண்டு. எனக்கு அப்போதே மூக்கின்மேல் கோபம். அந்த இரண்டு வருஷத்தில் அது மூக்கைவிட்டு இறங்கவேயில்லை.

சண்டைக்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். பெரியண்ணன் கடற்கரையோரம் இருந்த ஒரு படகுப் பட்டறையில் தச்சர். அப்பா போனபிறகு தம்பியையும் என்னையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். தம்பிக்குத் தன் கையாலேயே தொழில் சொல்லிக்கொடுத்தார். தம்பியோ உளியைக் கீழே வைத்துவிட்டு, கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அன்றைக்கு மத்தியானம் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பெரியவர் வாய் தவறியது. “இத்தினி வருசம் சோறு போட்டு வளத்தேனே, அதுக்கு நல்லா செஞ்சிட்ட” என்றார்.

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டினால் எந்த ரோஷக்காரன் தாங்குவான்? சின்னண்ணன் பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அன்றிலிருந்து வீட்டில் படுக்கை மட்டும்தான், சாப்பாடு கொருக்குப்பேட்டை மெஸ்ஸில். அமாவாசைக்கு அமாவாசை அப்பாவுக்குப் படையல் போட்டுக் காக்காவுக்குச் சோறு வைப்போம். அன்றைக்குக்கூட அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார், சோற்றைத் தொடமாட்டார்.

இவர்கள் இருவரையும்விட எனக்கு அண்ணியை நினைத்தால்தான் வயிறு எரியும். பெரியண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்தபோது சின்னண்ணன் அரை டிராயர் போட்டுக்கொண்டு இருந்தவராம். அண்ணி தினமும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே சோறு வடிப்பார்.  அது மிஞ்சும், தண்ணீர் ஊற்றி வைப்பார், காலையில் பெரியண்ணன் அந்தப் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரியண்ணனுக்கு விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை கிடைத்தது. பொங்கல் கழித்து அவரும் அண்ணியும் கிளம்புவதாக முடிவானது. எனக்குப் பயம் வந்தது. ஒரே கூரையின் கீழ் இருக்கும்போதே பேசாதவர்கள், அத்தனை தூரம் போனபிறகு எங்கே பேசப் போகிறார்கள்? இப்படியே பிரிந்தால் அடுத்தது யாராவது ஒருவர் சாவுக்குத்தான் மற்றவர் வருவார். அதற்குமுன் இவர்களை எப்படியாவது பேசவைக்கவேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

எங்கள் தெருப் படிப்பகத்தில் வருஷாவருஷம் ஒரு நாடகம் போடுவார்கள். பெரியண்ணன்தான் எப்போதும் ராஜா, சின்னண்ணன் பபூன். இருவரும் மேடையில் நின்றால் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். சண்டைக்குப் பிறகு நாடகமும் நின்றுபோயிருந்தது. அந்த வருஷம், படிப்பகத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த தையல்கார பாய் என்னிடம் வந்து, அண்ணனுக்கு வழியனுப்பு மாதிரி இருக்கட்டும், ஒரு நாடகம் எழுதிக் கொடு என்று கேட்டார். ராஜா டிரஸ் வாடகைக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள், அதனால் ராஜா இல்லாத நாடகமாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார்.

ருஷ்யாக்காரன் ஏதோ ஒரு உருண்டையை ஆகாசத்தில் சுற்றவிட்டிருக்கிறான் என்று டீக்கடையெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம் அது. நான் நிலாவுக்குப் போகிற கப்பல் ஒன்றை எழுதினேன். கப்பலில் மூன்றே பேர்: கேப்டன், இன்ஜினியர், சமையல்காரன். கதவெல்லாம் அடைத்தாயிற்று. வெளியே காற்றுகூடக் கிடையாது, ஈ எறும்பு உள்ளே வரமுடியாது. ஆனால் தினமும் விடிந்து பார்த்தால் பானையில் சோறு குறைந்திருக்கிறது. யார் தின்றது? கேப்டனுக்குச் சமையல்காரன்மேல் சந்தேகம். விசாரணை மேல் விசாரணை. கடைசியில் கப்பல் நிலாவில் இறங்கும்போது, தார்ப்பாய்க்கு அடியில் ஒளிந்திருந்த நிலாக்காரன் ஒருவன் வெளியே வந்து, ஊர் பார்க்க வந்தேன், பசித்தது, தின்றேன் என்று ஒத்துக்கொள்வான். இவ்வளவுதான் கதை.

கேப்டன் பெரியண்ணன், சமையல்காரன் சின்னண்ணன். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். கேப்டன் சமையல்காரனை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டே ஆகவேண்டும், அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும். இருவரும் மாட்டேன் என்பார்கள் என்று பயந்தேன். ஆனால் நடிப்புப் பைத்தியம் யாரை விட்டது? அவன் நடித்தால் நடிக்கட்டும், அவனுக்காக நான் எதற்கு விட்டுக்கொடுக்கவேண்டும் என்று இருவருமே ஒரே வார்த்தையை, தனித்தனியாக, என்னிடம் சொன்னார்கள்.

கப்பலுக்கு எங்கே போவது என்ற கவலையே இல்லை. பட்டறையில் ஒரு பெரிய சரக்குப் படகு பழுதுபார்க்க வந்து கட்டைகள்மேல் நின்றிருந்தது. ஒரு பக்கத்துப் பலகைகளை முழுக்கக் கழற்றியிருந்தார்கள். எதிரே மணலில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். பட்டறை முதலாளியிடம் பாய் பேசி அனுமதி வாங்கிவிட்டார். அமாவாசையன்று தச்சர்கள் கருவியைத் தொடமாட்டார்கள். பட்டறை அன்றைக்கு மூடித்தான் கிடக்கும், தச்சர்களும் குடும்பத்தோடு வந்து பார்க்கலாம். அதனால் மார்கழி அமாவாசைக்கு நாடகம் என்று நாள் குறித்தோம். அது என்ன நாள், இது என்ன நாடகம் என்று எங்களில் ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை, வாத்தியாரம்மாவான எனக்கும் சேர்த்துத்தான்.

ஒத்திகை நடந்த லட்சணத்தைச் சொல்லவேண்டும். “சோறு எங்கே போயிற்று, உண்மையைச் சொல்” என்று கேப்டன் சமையல்காரனைப் பார்த்துக் கேட்கவேண்டும். பெரியண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, இன்ஜினியராக நின்ற பாயைப் பார்த்து, “சோறு எங்கே போயிற்று என்று கேளுங்கள்” என்றார். பாய் திரும்பி, “சோறு எங்கே போயிற்று என்று கேட்கிறார்” என்றார். சின்னண்ணன் பாயிடமே, “எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள்” என்றார். நான் வரிக்கு வரி எழுதிக்கொடுத்ததை இப்படிப் பாய் வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஆகாசத்தில் கப்பல் விட்டாலும் அங்கேயும் ஒரு தந்தி ஆபீஸ் வேண்டும் இவர்களுக்கு. நான் காகிதத்தை மணலில் வீசிவிட்டு எழுந்து போனேன்.

பாய்தான் பின்னாலேயே வந்தார். “கோச்சிக்காதம்மா. ஒரே படகுல ஏறி நிக்கிறாங்கல்ல, அதுவே பெருசு” என்றார். அவருக்கு என்ன, ஒரு வரி பேசவேண்டியவர் எல்லாருடைய வரியையும் சேர்த்துப் பேசிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்.

நாடகத்தன்று சாயங்காலம் பட்டறைக்குப் போனபோது என் கோபமெல்லாம் போய்விட்டது. மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி, முந்தின நாளே படகு முழுக்க அடித்து வைத்திருந்தார் பெரியண்ணன். முன்னால் சைக்கிள் சக்கரம் ஒன்று சுக்கானாக நின்றது. பின்னால் கறுப்புத் துணியில் சுண்ணாம்பால் நட்சத்திரம். ஆகாசக் கப்பலுக்கு எதற்கு நங்கூரம் என்று நான் கேட்டதற்கு, நங்கூரம் இல்லாமல் எந்தக் கப்பலாவது நிற்குமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார் அவர். அசல் நங்கூரமே முனையில் தொங்கியது. கிளம்புமுன் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காயும் உடைத்தார்கள். பட்டறையில் பசை காய்ச்சுகிறவர் உடம்பெல்லாம் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, நிலாக்காரனாகத் தார்ப்பாய்க்குள் போய்ப் படுத்தார்.

கடைசி நேரத்தில் அண்ணி ஒரு பெரிய தூக்குச் சட்டியோடு வந்தார். மேடையில் வைக்கக் காலிப் பானை இருக்கிறது என்றேன். அண்ணி கேட்கவில்லை. “எம்மாந்தூரம் போறாங்க, வெறும் பானையத் தூக்கிக்கினா போவாங்க” என்று சொல்லிவிட்டுப் பானைக்குள் சோற்றை நிரப்பினார். பக்கத்தில் குழம்பு, வாழைக்காய் வறுவல், வடை, பாயசம். அன்றைக்கு மத்தியானம் அப்பாவுக்குப் படைத்த அதே சமையல். 

பொழுது சாய்ந்ததும் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். மணலில் எள் போட்டால் விழாத கூட்டம். தச்சர் குடும்பங்கள், குப்பத்து ஜனங்கள், கூட்ஸ் யார்டு ஆட்கள். நான் படகுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தேன். சின்னண்ணன் ரயில் கார்டு விசிலை ஊதினார், பாய் தகர டின்னை உருட்டினார், கப்பல் கிளம்பிவிட்டது என்று ஜனம் கைதட்டியது. விசாரணைக் காட்சியில் பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சேதி சொன்னது எழுதிய நகைச்சுவை என்றே எல்லாரும் நினைத்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வீட்டு மானம் போகிறதே என்று எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. பெரியண்ணன் சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றி, கையை உயர்த்தி, கம்பீரமான குரலில், “அதோ நிலா தெரிகிறது, நங்கூரத்தை இறக்குங்கள்” என்றார்.

முன்வரிசையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு எழுந்து நின்றார்.

“இன்னிக்கி அமாவாசையாச்சே நைனா. நிலா எங்கேந்து வந்திச்சி?”

கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. நட்சத்திரம் கொட்டிக்கிடந்தது, நிலா இல்லை. இல்லாத நிலாவில் எப்படி இறங்குவது என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அமாவாசையன்றும் நிலா அங்கேதான் இருக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது என்று நான் பின்னாலிருந்து கிசுகிசுத்தேன். யார் காதிலும் விழவில்லை. பெரியண்ணன் காதில் விழுந்திருந்தாலும் பயனில்லை. பிறந்ததிலிருந்து அமாவாசைக்குக் கருவியைத் தொடாத மனிதர் அவர். அந்த அம்மாள் கேட்டது அவருக்கே நியாயமாகப் பட்டுவிட்டது.

“ஆமா, இன்னிக்கி நிலா கெடையாது. எறங்க முடியாது” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். எழுதிக்கொடுத்த தமிழெல்லாம் காற்றில் போயிற்று.

“அப்ப சோத்த யாரு துன்னது?” என்று விடவில்லை மீன்கார அம்மாள்.

நிலாவில் இறங்கினால்தான் நிலாக்காரன் வெளியே வரவேண்டும். இறங்கவே முடியாது என்றாகிவிட்டது. தார்ப்பாய் ஒருமுறை அசைந்தது, பிறகு அடங்கியது. பாய் என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தார். நான் காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தேன். மேடையில் சோற்றுப் பானை இருந்தது, அதற்கு இந்தப் பக்கம் பெரியண்ணன், அந்தப் பக்கம் சின்னண்ணன். ஜனம் பதிலுக்குக் காத்திருந்தது.

பெரியண்ணன் கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பானையைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்க்காமல், நேராகத் தம்பியைப் பார்த்தார்.

“சோத்த நாந்தான்டா துன்னேன்” என்றார். “தெனம் ஒன் பங்கையும் சேத்து நாந்தான் துன்னுகினு இருந்தேன். எனக்கு எறங்கவேல்ல.”

ஜனத்துக்கு அது நாடகம். எனக்கு, காலையில் வீட்டு முற்றத்தில் குனிந்து உட்கார்ந்து, ஒரு ஆளுக்குக் கூடுதலாக வடித்த பழையதைக் குடித்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் தெரிந்தார். இரண்டு வருஷமும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிச்சத்தை வீணாக்காத மனிதர் என்று நினைத்திருந்தேன்.

பழக்க தோஷம், பாய் சின்னண்ணன் பக்கம் திரும்பி, “சோத்த அவருதான்…” என்று ஆரம்பித்தார்.

“கேட்டுச்சி பாய்” என்றார் சின்னண்ணன்.

 அவர் தட்டை எடுத்தார், பானையைத் திறந்தார், சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

“துன்னு அண்ணாத்த. ஆறிப்போவுது.”

“நீயும் குந்து” என்றார் பெரியவர்.

சின்னண்ணன் உட்கார்ந்தார். இன்னொரு தட்டு இல்லை. ஒரே தட்டில் இருவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். நாடகம் என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது. இரண்டு ஆம்பளைகள் படகுக்குள் உட்கார்ந்து வாழைக்காய் வறுவலைப் பங்கு போட்டுத் தின்பதை அத்தனை ஜனமும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். நான் படகுக்குப் பின்னால், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், வாய்விட்டே அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுதது அதற்குமுன் கிடையாது.

அவர்கள் பாயசத்துக்கு வந்தபோது தார்ப்பாய் விலகியது. வெள்ளை வெளேரென்று பசைக்காரர் தலையை நீட்டி, தனக்கு ஏதாவது மீதி இருக்கிறதா என்று கேட்டார். பாய் அவருக்கு ஒரு வடையைக் கொடுத்தார். அப்போது எழுந்த சிரிப்பு காசிமேடு வரை கேட்டிருக்கும். மீன்கார அம்மாள் மட்டும் சிரிக்காமல், நிலா இல்லாமல் நிலாக்காரன் மட்டும் எப்படி வந்தான் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முற்றத்தில் சோப்பைக் காணோம் என்று ஒரு குரல், மாடத்தில் கீது பாரு என்று இன்னொரு குரல். நான் காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று பழக்கத்தில் காதைத் தீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. என் வேலை போய்விட்டது.

பொங்கல் முடிந்து பெரியண்ணனும் அண்ணியும் விசாகப்பட்டினம் கிளம்பினார்கள். பெட்டிகளைச் சின்னண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம் பெட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை என்று பெரியவர் திட்ட, கயிறு கட்டத் தெரியவில்லை என்று சின்னவர் திட்ட, ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் என் தலை வெடித்துவிட்டது. பேசாமல் இருந்த காலமே தேவலை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் வருவார்கள், இல்லையென்றால் நாங்கள் போவோம்.

நிஜமாகவே மனிதர்கள் நிலாவில் போய் இறங்கியபோது பெரியண்ணன் ராயபுரம் வந்திருந்தார். ஊரே ரேடியோ பக்கத்தில் நின்றது. அவர் மட்டும் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வளர்பிறையாப் பாத்து எறங்கிகீறான். வெவரமானவன்” என்றார். சின்னண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

பெரியண்ணன் காலமாகி இப்போது பல வருஷம் ஆகிறது. சின்னண்ணனும் நானும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். அமாவாசைக்கு அமாவாசை நான் சமைக்கிறேன். அப்பாவுக்கும் அவருக்கும் சேர்த்துப் படையல். படைத்து முடிந்ததும் சின்னண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மாடி ஏறுவார். அவர் முன்னால் போக, இலையில் சோற்றை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போவேன். காக்காவை எல்லாரும் கா கா என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் அப்படிக் கூப்பிடமாட்டார். சுவர்மேல் இலையை வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து, நேராகவே கூப்பிடுவார்.

“அண்ணாத்த, வா. ஆறிப்போவுது.”